நியமன ஆணை கைக்கு வந்த பிறகு: பல்கலைக்கழக ஆசிரியர்களை வளர்ப்பதில் நான் கற்றவை

பல்கலைக்கழக ஆசிரியர் பணியில் யார் யார் சேர்கிறார்கள் என்பதைப் பற்றித் தமிழ்நாட்டில் நிறையப் பேசியிருக்கிறோம், போராடியிருக்கிறோம், கோர்ட்டுக்குப் போயிருக்கிறோம். சேர்ந்தவர் அடுத்த பத்து வருடத்தில் என்ன ஆகிறார் என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. தென்மாவட்டம் ஒன்றில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சொல்லிக் கொடுக்கிறேன். சில வருடங்கள் எங்கள் ஆசிரியர் மேம்பாட்டுப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தேன். அந்த வேலையில் நான் பார்த்தது, செய்து பார்த்ததில் பலன் கொடுத்தது, இன்னும் நடக்காமல் கிடப்பது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். இதே பொறுப்பில் வேறு ஊரில் இருக்கும் யாருக்காவது உதவும்.

எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிய வந்தது ஒரு விஷயம். இட ஒதுக்கீடு ஒருவரைப் பணியில் அமர்த்துகிறது. அதற்குப் பிறகு அவர் வளர்வதா, சேர்ந்த இடத்திலேயே நின்றுவிடுவதா என்பதை டைம்டேபிள் போடுகிறவரும், சுற்றறிக்கையை யாருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கிறவரும், கூட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்று சொல்கிறவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

நியமனம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. எத்தனையாவது இடம் எந்தப் பிரிவுக்கு என்று இது 200 புள்ளி இனச்சுழற்சியாக வரிசைப்படுத்தப்படுகிறது. அந்த 200இல் பழங்குடியினருக்கு வருவது 2. அதனால் எதை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறோம் என்பதுதான் உயிர்நாடி. ஏழெட்டு இடங்கள் உள்ள ஒரு துறையைத் தனி அலகாக எண்ணினால், பழங்குடியினருக்கான புள்ளி வருவதற்குள் பல தலைமுறை ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இது நிஜமாகவே பிரச்சினையானது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைதான் அலகு என்று தீர்ப்புச் சொன்னது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) அதையொட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆசிரியர்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் 2019இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, முழு நிறுவனமும் ஒரே அலகு என்று ஆக்கியது. புதிதாக ஒருங்கிணைப்பாளர் ஆகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "எப்படி எண்ணுவது" என்கிற சாதாரணமாகத் தோன்றும் கேள்விக்குள் எத்தனை பேருடைய வாழ்க்கை இருக்கிறது என்பது அப்போது புரியும்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பார்த்தால், நாடு முழுவதும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் பெண்கள் சுமார் 43 விழுக்காடு, பட்டியல் சாதியினர் சுமார் 9, பழங்குடியினர் 2.5 அளவில் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் பெண்கள் நிலைமை நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே உதவிப் பேராசிரியர் பட்டியலிலிருந்து பேராசிரியர் பட்டியலுக்கு விரலை நகர்த்திக்கொண்டே போனால், பெண்களின் பெயரும் பட்டியல் சாதியினரின் பெயரும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருவது தெரியும். ஏன் குறைகிறது என்று கேட்டால், "அவங்க அப்ளை பண்ணல மேடம்" என்பார்கள். ஏன் அப்ளை பண்ணவில்லை என்பதிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது.

முதலில் செய்தது ஒரு பெரிய தாள். இடது பக்கம் ஆசிரியர் பெயர்கள், மேலே பாடவேளை தவிர்த்த எல்லா வேலைகளும். காகிதத்தில் பார்த்தால் எல்லாரும் சமம். யுஜிசி கணக்குப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. அதில் யாரும் பெரிதாகக் கை வைப்பதில்லை. கை வைக்கப்படுவது மீதி நேரத்தில். என்எஸ்எஸ், விடுதிக் காப்பாளர், அட்மிஷன் டியூட்டி, ஹால் டியூட்டி, நாக் (தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பு) கோப்புகள், பட்டமளிப்பு விழா, வரவேற்புக் குழு, உணவுக் குழு, மாணவர் சுற்றுலாவுக்குத் துணையாகப் போவது, பரிசு வாங்கி வருவது. துறை துறையாகப் போய் உட்கார்ந்து, பழைய சுற்றறிக்கைகளை எடுத்து வைத்து, கட்டம் கட்டமாக டிக் போட்டோம்.

அந்தத் தாள் தன்னாலேயே பேசியது. வரவேற்பு, உணவு, விழா மேடை, தொகுத்து வழங்குவது எல்லாம் பெண் ஆசிரியர்கள் மேல். விடுதியும் தேர்வுப் பறக்கும் படையும் பணிக்குப் புதிதாக வந்தவர்கள் மேல். எஸ்சி எஸ்டி செல் ஒருங்கிணைப்பு எப்போதும் அதே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் மேல். அது முக்கியமான வேலை, அவர் மனதாரச் செய்தார். ஆனால் கொள்முதல் குழு, ஆராய்ச்சிக் குழு, வெளிநாட்டு ஒப்பந்தக் குழு, பாடத்திட்டக் குழு எதிலும் அவர் பெயருக்கு நேரே டிக் இல்லை. பார்வையற்ற ஆசிரியர் ஒருவருடைய வரிசை முழுக்கவே காலி. அவருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் விட்டிருக்கிறார்கள். பதவி உயர்வு விண்ணப்பத்தில் நிர்வாகப் பங்களிப்பு என்கிற பகுதியில் எழுத அவருக்கு ஒன்றுமே இல்லாமல் போனது.

துறைத் தலைவர்கள் கூட்டத்தில் அந்தத் தாளைப் பெயர்கள் இல்லாமல் வைத்தோம். இது முக்கியம். பெயரோடு வைத்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் சொல்வார்கள், விவாதம் மனிதர்களைப் பற்றியதாக மாறிவிடும். பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் இருந்தபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மூத்த பேராசிரியர்தான், "அப்ப இதை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தி விட்டுடலாமே" என்றார். அதையே தீர்மானமாக எழுதினோம். எந்தக் குழுவிலும் ஒருவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் இல்லை. ஆளை வளர்க்கும் வேலை ஒன்று கொடுத்தால் நேரத்தைத் தின்னும் வேலை ஒன்று. இரண்டும் எல்லாருக்கும். பார்வையற்ற சகாவிடம் நேரில் போய், எது வேண்டும் என்று கேட்டேன். பாடத்திட்டக் குழு என்றார். அடுத்த பருவத்தில் அந்தக் குழுவின் தாள்களை எல்லாரையும்விட முன்னதாகப் படித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.

அவர் படிக்க முடிந்ததற்குப் பின்னால் வேறொரு வேலை இருந்தது. எங்கள் சுற்றறிக்கைகள் பாதி ஸ்கேன் செய்த படங்களாக வரும். மீதி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் படத்தைப் படிக்காது. பழைய எழுத்துருவில் உள்ள தமிழை அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். என் முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டினார். "விடுப்பு விதிகள் திருத்தம்" என்கிற சுற்றறிக்கை காதில் அர்த்தமே இல்லாத ஒலிகளாக விழுந்தது. அவர் பல வருடங்களாக ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் யாராவது ஒரு ஆராய்ச்சி மாணவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். தன் சம்பள விவரத்தைக்கூட. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. அந்த ஆணையை எடுத்துப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். தட்டச்சுப் பிரிவில் இருந்த அக்காக்கள் இரண்டு பேருக்கு யூனிகோடில் அடிக்கப் பயிற்சி கொடுத்தோம், பழைய எழுத்துருவில் பழகிய அதே விசைப்பலகை அமைப்பிலேயே. ஸ்கேன் படத்தோடு அசல் கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னோம். என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் இலவச மென்பொருள், அதற்குச் செலவே இல்லை. இதில் செலவானது கொஞ்சம் அலைச்சல் மட்டும்தான். உங்கள் நிறுவனத்தில் மாற்றுத்திறனாளி ஆசிரியர் யாரும் இப்போது இல்லை என்றாலும் இதைச் செய்து வையுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடங்களில் 4 விழுக்காடு அவர்களுக்கு உரியது. ஆள் வந்த பிறகு ஓடக் கூடாது.

அப்புறம் தகவல். பல்கலைக்கழகத்தில் வாய்ப்புகள் எப்படிப் பயணம் செய்கின்றன என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆராய்ச்சித் திட்ட அழைப்பு, புத்தொளிப் பயிற்சி (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) தேதி, பயண நிதி, வெளித்தேர்வாளர் வாய்ப்பு எல்லாம் எழுத்தில் துறைத் தலைவருக்கு வரும். பேச்சில் கேன்டீனுக்கும் சாயங்கால ஷட்டில் கோர்ட்டுக்கும் வரும். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களுக்குக் கிடைக்கும். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கும், அந்த வட்டத்துக்குள் சேராதவருக்கும் கடைசித் தேதி முடிந்த பிறகு தெரியும்.

"எங்க காலத்துல எங்களுக்கெல்லாம் யார் மேடம் சொன்னாங்க? நாங்களா தேடித்தானே போனோம்" என்று ஒரு மூத்தவர் கேட்டார். மரியாதையாகவே பதில் சொன்னேன்: "சார், உங்க கைடு அப்ப இங்கதான துறைத் தலைவரா இருந்தாரு. அவர் சொல்லியிருப்பாரு சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம்மா, அவர்தான் முதல் புராஜெக்ட்டுக்கு ஃபாரத்தையே கொண்டு வந்து குடுத்தாரு" என்றார். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து சேர்கிற ஒருவருக்கு அப்படி ஃபாரம் கொண்டு வந்து கொடுக்கும் ஆள் கிடையாது. அந்த இடத்தில் நிர்வாகம் நிற்க வேண்டும். மேம்பாட்டுப் பிரிவின் வேலை என்ன என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு தனித்தாள் போட்டோம். சேர்ந்த தேதி, முனைவர் பட்டம் உண்டா இல்லையா, அடுத்த நிலைக்கு எப்போது தகுதி வரும். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி முனைவர் பட்டம் இருந்தால் 4 வருடம், எம்ஃபில் இருந்தால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6 வருடத்தில் முதல் உயர்வுக்குத் தகுதி வரும். அதற்குள் 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி முடித்திருக்க வேண்டும். புத்தொளிப் பயிற்சியோ அதற்கு ஈடாக விதியில் சொல்லப்பட்டிருப்பவையோ இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் வருடக்கணக்கில் உயர்வு தள்ளிப்போனவர்களின் கோப்பைப் பிரித்தால், பாதிக் கோப்புகளில் காரணம் ஒன்றே: பயிற்சிக்கு விண்ணப்பிக்க விட்டுவிட்டார், அல்லது விண்ணப்பித்தபோது துறையிலிருந்து ஓடி (ஆன் டியூட்டி, பணியில் இருப்பதாகவே கணக்கிட்டு வெளியே போக அனுமதி) கொடுக்கவில்லை. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளைய ஆசிரியர், ஓடி கேட்டு எழுதிய கடிதங்களை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் "வகுப்புகள் பாதிக்கும், பிறகு பார்க்கலாம்" என்று ஒரே குறிப்பு. அந்தத் துறையிலேயே வேறு இரண்டு பேர் அதே காலத்தில் போய் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நடைமுறை கொண்டு வந்தோம். ஓடி மறுத்தால் காரணத்தை எழுதி, அடுத்து எந்தப் பயிற்சிக்கு அனுப்பப்படும் என்று தேதியும் எழுத வேண்டும், அதன் நகல் எங்கள் பிரிவுக்கு வர வேண்டும். மறுப்பு வெகுவாகக் குறைந்தது. அந்தத் தம்பி அடுத்த பயிற்சிக்கே போய் வந்தார்.

அறிவிப்பு அனுப்புவதிலும் ஒன்று கவனித்தேன். "விருப்பமுள்ளோர் விண்ணப்பிக்கலாம்" என்று எல்லாருக்கும் அனுப்பினால் வழக்கமாக விண்ணப்பிப்பவர்களே விண்ணப்பிப்பார்கள். "இந்தத் திட்டத்துக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறது, இந்த மூன்று தாள்கள் வேண்டும், வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்பலாம்" என்று பெயர் சொல்லி அனுப்பினால், அதுவரை தலைகாட்டாதவர்கள் வருவார்கள். வேலை கூடுதல்தான். ஆனால் இதைப்போலப் பலன் கொடுத்தது வேறு எதுவும் இல்லை.

இனி பயிற்சி. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்கென்று அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகள் வந்தன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023இல் மாளவியா மிஷன் மையங்கள் என்று பெயர் மாறின. நல்ல பயிற்சியாளர் கிடைத்த இடத்தில் இவை ஆசிரியர்களை மாற்றியிருக்கின்றன. ஆனால் சான்றிதழுக்காக உட்கார்ந்து எழுந்து வருவதும் நிறைய நடக்கிறது. நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சொற்பொழிவு செய்தால், சொற்பொழிவைக் குறைப்பது எப்படி என்று ஆசிரியர் எங்கே கற்றுக்கொள்வார்?

அதனால் எங்கள் அளவில் நுண்கற்பித்தலைக் கையில் எடுத்தோம். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறை. பி.எட். படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும், பல்கலைக்கழக ஆசிரியர்களில் பலருக்கு அது நடந்ததே இல்லை. ஒருவர் ஏழெட்டு நிமிடம் பாடம் நடத்துவார், சக ஆசிரியர்கள் ஐந்து பேர் மாணவர்களாக உட்கார்வார்கள், ஜன்னல் ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு செல்போன் ஓடும். பிறகு அவரே பார்ப்பார். நடத்தியவர் முதலில் பேச வேண்டும், மற்றவர்கள் அப்புறம். பதிவை அவரே வைத்துக்கொள்வார், யாருக்கும் போகாது. இந்த ஒரு உறுதி இல்லாவிட்டால் யாரும் மனம் திறந்து நடத்த மாட்டார்கள்.

ஒரு விலங்கியல் ஆசிரியர் நடத்தியது நன்றாக நினைவிருக்கிறது. கேள்வி கேட்டார், யாரும் வாய் திறக்கும் முன்பே பதிலையும் சொன்னார். திரும்பவும் கேட்டார், திரும்பவும் சொன்னார். பதிவைப் பார்த்தபோது அவரே செல்போனை நிறுத்தி, "நான் யாரையும் பேச விடலையே" என்றார். மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில் நீளமாகிறது, பேசாத மாணவர்களும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. அடுத்த வாரம் அதே ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு, மேசைக்குக் கீழே விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து பதில் வந்தது.

இன்னொன்று மொழி. எங்களிடம் சேரும் ஆசிரியர்களில் நிறையப் பேர் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்தவர்கள். ஆங்கிலத்தில் நடத்தும்போது ஸ்லைடை அப்படியே வாசித்துவிட்டுப் போவார்கள். அதே பாடத்தை வெளியே மரத்தடியில் மாணவருக்குத் தமிழில் விளக்கும்போது கேட்டால், அவ்வளவு அருமையாக இருக்கும். இவர்களை "ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகுப்புக்கு அனுப்பலாம் என்று யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. குறை உள்ளவர்கள் என்று முத்திரை குத்தி அனுப்பினால் இருக்கிற தைரியமும் போய்விடும். அதற்குப் பதில் நுண்கற்பித்தலில் முதல் சுற்றைத் தமிழில் நடத்தச் சொன்னோம். கருத்து எங்கே தொடங்குகிறது, எந்த உதாரணம் எடுபடுகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு அதே கட்டமைப்பில் ஆங்கிலச் சுற்று. கலைச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்து, விளக்கத்தை இரண்டு மொழியிலும் கொண்டுபோகச் சொன்னோம். மாணவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்வழியில் வந்தவர்கள்தான், அவர்களுக்கும் அதுதான் தேவை. நன்றாக ஆங்கிலம் பேசும் ஆசிரியர்களும் தமிழ்ச் சுற்றில் கலந்துகொண்டார்கள். அதில் தடுமாறியவர்கள் அவர்கள்தான். யார் யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிற எண்ணமே அந்த அறையில் மாறியது.

பெண் ஆசிரியர்கள் விஷயத்தில் விதிகள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. தமிழ்நாடு அரசு மகப்பேறு விடுப்பை 2021இல் 12 மாதம் ஆக்கியது. பெண் ஆராய்ச்சி மாணவிகளுக்கு யுஜிசி விதிப்படி 240 நாள் வரை விடுப்பு உண்டு. சிக்கல் திரும்பி வந்த பிறகு. அவர் விடுப்பில் இருந்தபோது அவருடைய முதுகலைப் பாடம் வேறொருவருக்குப் போயிருக்கும், ஆய்வகச் சாவி வேறொருவரிடம் இருக்கும், அவர் எழுதிய திட்டத்தில் முதல் பெயர் மாறியிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வேலை ஓட வேண்டுமே என்று செய்கிறார்கள். எனவே விடுப்புக்குப் போகும் முன்பே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பதை வழக்கமாக்கினோம்: எந்தப் பாடம், எந்த மாணவர், எந்தப் பொறுப்பு திரும்பி வந்ததும் இவருக்கு வரும் என்று.

ஆன்லைன் பயிற்சிகள் பெண்களுக்கு வசதி என்று எல்லாரும் நினைத்தோம். பயிற்சிக்குப் போனவர்களிடம் விசாரித்தபோது வேறு மாதிரி இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்கும் வகுப்பை வீட்டில் யாரும் வேலையாக நினைப்பதில்லை. குக்கர் வைத்துக்கொண்டே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் ஆன்லைன் பயிற்சிக்கும் முறையாக ஓடி ஆணை, அந்த நாட்களில் வகுப்பிலிருந்து விலக்கு, வளாகத்திலேயே கணினியோடு ஓர் அறை என்று கேட்டு வாங்கினோம். "ஆபீஸ்ல ஆர்டர் போட்டிருக்காங்க" என்று வீட்டில் சொல்ல முடிந்தது பெரிய விடுதலை என்றார் ஒரு சகோதரி. கூட்டங்களை நான்கு மணிக்கு மேல் வைப்பதில்லை என்பதையும் இதோடு கொண்டு வந்தோம். இதனால் பலன் பெற்றதில் ஆண்களும் உண்டு, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், தூரத்து ஊரிலிருந்து வருகிறவர்கள். குழந்தைகள் காப்பகம் மட்டும் இன்னும் கோப்பாகத்தான் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். இதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டுவது அரிது. ஆனால் நேர்காணலில் "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா?" என்று ஒரு கேள்வி வரும். "அப்பா என்ன பண்றார்?" என்று ஒரு கேள்வி வரும். கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும், அது எதைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வி என்று. பெண்களிடம் "குழந்தை சின்னதா?" என்று கேட்பார்கள். 2018 விதிமுறைப்படி, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மை, பெண்கள், மாற்றுத்திறனாளி ஆகிய பிரிவுகளில் யாராவது விண்ணப்பித்திருந்து, தேர்வுக் குழுவில் அந்தப் பிரிவினர் இல்லாவிட்டால், அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒரு கல்வியாளரைத் துணைவேந்தர் நியமிக்க வேண்டும். அவர் இருந்தும் மற்றவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவர் கையில் இல்லை. கௌரவ விரிவுரையாளர் தேர்வு போன்ற எங்கள் கைக்கு எட்டிய இடங்களில், எல்லாருக்கும் பொதுவான கேள்விகளை முன்பே எழுதி, மதிப்பெண் கட்டமும் போட்டுக் கொடுத்தோம். அதில் இல்லாத கேள்வி கேட்டால் குறிப்பில் பதிவாகும் என்றோம். ஊர்க் கேள்வி நின்றது.

ஆராய்ச்சி மாணவர் ஒதுக்கீட்டில் இது இன்னும் மறைவாக நடக்கிறது. உதவிப் பேராசிரியர் 4 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், பேராசிரியர் 8 பேர் வரை முனைவர் பட்ட மாணவர்களை எடுக்கலாம். சிலரிடம் எப்போதும் இடம் நிரம்பியிருக்கும். சிலரிடம், நல்ல கட்டுரைகள் எழுதியவராக இருந்தாலும், ஒருவரும் சேர மாட்டார்கள். சேர வரும் மாணவரிடம் "அவர்கிட்ட போனா வைவா (வாய்மொழித் தேர்வு) லேட்டாகும்" என்று யாரோ காதில் போட்டிருப்பார்கள். மாணவர் இல்லாமல் ஆய்வுக் குழு இல்லை, குழு இல்லாமல் கட்டுரை குறையும், கட்டுரை குறைந்தால் உயர்வு தள்ளிப்போகும். இதற்கு நாங்கள் செய்தது, சேர்க்கைக்கு முன்பு ஒரு நாள், இடம் காலியாக உள்ள எல்லா நெறியாளர்களும் புதிய மாணவர்கள் முன்னால் பத்து நிமிடம் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது. அதற்குப் பிறகுதான் மாணவர் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் மாணவரே இல்லாமல் இருந்த ஒரு வேதியியல் ஆசிரியர், தாமிரபரணியில் சாயக்கழிவு, மண்ணில் கன உலோகம் என்று தன் வேலையைப் பத்து நிமிடம் சொன்னார். அந்த வருடமே இரண்டு பேர் அவர் பெயரை முதல் விருப்பமாக எழுதினார்கள்.

வழிகாட்டும் மூத்தவரை இளையவருக்கு இணைத்து விடும்போது வேறு துறையிலிருந்து இணையுங்கள். ஒரே துறை என்றால் நாளைக்கு உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போடப் போகிறவரிடமே இன்றைய சிரமத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். மாதம் ஒரு முறை ஒரு டீ, அவ்வளவுதான் விதி. என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. அறிக்கை எழுதச் சொன்னால் அன்றோடு அது செத்துவிடும்.

கடைசியாக, இந்த எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிற கௌரவ விரிவுரையாளர்கள். பல துறைகளில் பாதிப் பாடவேளையை அவர்கள்தான் தாங்குகிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019இல் பரிந்துரைத்தது. நடைமுறையில் அவர்கள் கைக்கு வருவது அதற்கு வெகு கீழே. முனைவர் பட்டமும் நெட் (ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வைத்துக்கொண்டு வருடா வருடம் ஏப்ரலில் வேலை போய் ஜூலையில் திரும்பி வருகிறார்கள். இவர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைய. சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் எங்கள் பிரிவுக்கு இல்லை. எங்களால் முடிந்தது, எல்லாப் பயிற்சியிலும் அவர்களுக்கும் இடம், வந்த நாளுக்கு ஊதியம் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு, நூலகத்தின் ஆன்லைன் இதழ்களை வீட்டிலிருந்தும் பார்க்க ஒரு கணக்கு, விடுமுறை மாதங்களிலும் அது நிற்காமல் ஓட அனுமதி. இந்தக் கடைசி அனுமதிக்குத்தான் அதிகம் அலைந்தோம். "ஏப்ரலுக்கு அப்புறம் அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்றது அலுவலகம். ஜூலையில் திரும்பவும் அவர்களைத்தானே கூப்பிடப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். இப்போது அந்தக் கணக்கு வருடம் முழுவதும் திறந்திருக்கிறது. அவர்களுக்கு அனுபவச் சான்றிதழைப் பருவம் முடிந்த ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிற கோரிக்கை பதிவாளர் மேசையில் இருக்கிறது, அடுத்த ஆசிரியர் தேர்வு அறிவிப்பு வருவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும்.